காலி பாட்டில் யார் பொறுப்பு? நீலகிரியின் பத்து ரூபாயும் ஆரிகனின் ஐந்து சென்ட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். சென்னையில ஏதாவது ஒரு தெருவோரத்தை மனசுல நினைச்சுக்கோங்க. சிப்ஸ் கவர் கிடக்கும், டீ கப் கிடக்கும், ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் கிடக்கும், குவார்ட்டர் பாட்டில் கிடக்கும். ஆனா இருபது லிட்டர் தண்ணி கேன் கிடந்து பாத்திருக்கீங்களா?

பாத்திருக்க மாட்டீங்க. அதுவும் பிளாஸ்டிக்தான். ஊர் முழுக்க தினமும் வீடு வீடாப் போய் இறங்குறதும் அதுதான். ஆனா யாரும் அதைத் தூக்கி வீசுறதில்ல. நம்ம மக்கள் திடீர்னு கேன் விஷயத்துல மட்டும் சுத்தத்தை விரும்ப ஆரம்பிச்சுட்டாங்களா? இல்ல. முதல் கேன் வாங்கும்போது கடைக்காரர் டெபாசிட் வாங்கிட்டார். காலி கேன் கொடுத்தாத்தான் அடுத்த கேன். அவ்ளோதான் விஷயம்.

ஒரு பொருள் குப்பையா இல்லையான்னு முடிவு பண்றது அந்தப் பொருளோட தன்மை இல்ல. அது திரும்பிப் போனா யாருக்காவது காசு வருதாங்கிறதுதான். இதை ஒரு அரசாங்கம் சட்டமா எழுதினா என்ன ஆகும்? அதுதான் இன்னைக்கு எபிசோட். ரெண்டு இடத்துக்குப் போகப் போறோம். ஒண்ணு நம்ம நீலகிரி. இன்னொண்ணு அமெரிக்காவுல ஆரிகன் மாகாணம்.

யானைக்கும் குவார்ட்டருக்கும் என்ன சம்பந்தம்

நீலகிரியில ரோட்டோரமா வண்டியை நிறுத்தி, காட்டைப் பாத்துக்கிட்டே குடிச்சிட்டு, பாட்டிலை அப்படியே பள்ளத்துல வீசிட்டுப் போற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு. பாட்டில் பாறையில பட்டு உடையும். கண்ணாடி மக்காது. மழை வந்தா மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சு, கூர் மட்டும் மேல நிக்கும்.

அந்த வழியா யானை நடக்கும். யானையோட பாதம் பாக்க தூண் மாதிரி இருந்தாலும், அடிப்பாகம் மெத்தை மாதிரி. அவ்ளோ எடையையும் அந்த மெத்தைதான் தாங்குது. அதுல கண்ணாடித் துண்டு ஏறினா, அதை எடுத்துவிட யாரும் இல்ல. புண்ணு சீழ் பிடிக்கும். தண்ணிக்கும் தீனிக்கும் தினமும் கிலோமீட்டர் கணக்குல நடந்தே ஆகணும்ங்கிற ஒரு விலங்குக்கு, காலு போச்சுன்னா எல்லாமே போச்சு. மானுக்கும் காட்டெருமைக்கும், ஏன், காட்டுக்குள்ள நடக்குற பழங்குடி மக்களுக்கும் இதே கதிதான்.

காடு சம்பந்தமான வழக்குகளை விசாரிக்கிற சென்னை உயர் நீதிமன்றத்தோட சிறப்பு அமர்வு முன்னாடி இந்தப் பிரச்சினை வந்துச்சு. விற்கிற கடை டாஸ்மாக். தமிழ்நாட்டுல 2003ல இருந்து மது சில்லறை விற்பனை முழுக்க அவங்க கையிலதான். அப்போ விற்கிறவங்களே காலி பாட்டிலைத் திரும்ப வாங்கினா என்ன? மலைப் பகுதிக் கடைகளை மூடிடலாமான்னு யோசிக்கிற அளவுக்கு விசாரணை போச்சு. அதுக்கப்புறம் 2022 மே மாசம் நீலகிரியில திட்டம் ஆரம்பிச்சுது.

திட்டம் ரொம்ப எளிமையானது. பாட்டில் வாங்கும்போது 10 ரூபாய் கூடுதலா கொடுக்கணும். பாட்டில் மேல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காலி பாட்டிலைக் கொண்டு வந்து கொடுத்தா அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அடுத்து கோவை, பெரம்பலூர்னு ஆரம்பிச்சு, ஒவ்வொரு மாவட்டமா இதை விரிவாக்கினாங்க. பக்கத்துல கேரளாவுலயும் 2025ல பாட்டிலுக்கு 20 ரூபாய் வச்சு சோதனை முறையில தொடங்கியிருக்காங்க.

இதைப் பத்தி மீம்ஸ் நிறைய வந்துச்சு. 'குடிமகன்களுக்குக் கேஷ்பேக்'னு. சிரிச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா இது விளையாட்டா போட்ட திட்டம் இல்ல. உலகத்துல அரை நூற்றாண்டுக்கு மேல ஓடிட்டிருக்கிற ஒரு டிசைன். அது எங்கெல்லாம் உடையும், எங்கெல்லாம் ஓடும்னு ஏற்கெனவே சோதிச்சுப் பாத்துட்டாங்க. அந்த அனுபவத்தைப் படிச்சா, நம்ம ஊர்ல அடுத்து என்ன கேக்கணும்னு புரியும்.

சேலம்னா நம்ம சேலம் இல்ல

ஆரிகன், அமெரிக்காவோட மேற்குக் கரையில இருக்கிற மாகாணம். தலைநகரம் பேரு சேலம். மாம்பழம் கிடையாது, மரம் நிறைய உண்டு. அங்க ரிச்சர்ட் சேம்பர்ஸ்னு ஒருத்தர். மரம் வெட்டுற இயந்திரங்களை விற்கிற சேல்ஸ்மேன். லீவு கிடைச்சா மலையேறுவார், கடற்கரையில நடப்பார். போற இடமெல்லாம் பாட்டிலும் கேனும். 1968ல பக்கத்துல கனடாவுல இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா இதுக்கு ஏதோ சட்டம் யோசிக்குதுன்னு பேப்பர்ல படிச்சிட்டு, தனக்குத் தெரிஞ்ச சட்டமன்ற உறுப்பினர் பால் ஹேன்மனுக்குப் போன் பண்ணினார். நாமளும் செஞ்சா என்னன்னு கேட்டார்.

1969ல மசோதா வந்துச்சு, தோத்துச்சு. அடுத்த தடவை கவர்னர் டாம் மெக்கால் முழுசாக் கூட நின்னார். அவர் அரசியலுக்கு வர்றதுக்கு முன்னாடி பத்திரிகையாளர். வில்லமெட் நதி எப்படி நாறிப்போச்சுன்னு 1962ல டிவியில ஆவணப்படம் எடுத்தவர். குளிர்பானக் கம்பெனிகள், கேன் தயாரிக்கிறவங்க, பாட்டில் தயாரிக்கிறவங்கன்னு வெளி மாகாணங்கள்ல இருந்தெல்லாம் ஆள் வந்து எதிர்த்தாங்க. ஆனாலும் 1971ல சட்டம் நிறைவேறிச்சு. 1972 அக்டோபர் 1ல இருந்து அமல். பீர், குளிர்பானம் எதுவா இருந்தாலும் ஒரு பாட்டிலுக்கோ கேனுக்கோ 5 சென்ட் டெபாசிட். இந்த மாதிரி டெபாசிட் சட்டத்துல அமெரிக்காவுக்கே இதுதான் முதல்.

கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. மாகாணங்களுக்கு இடையில நடக்கிற வியாபாரத்துக்கு இது தடைன்னு வாதம். ஆரிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1973ல அதை ஏத்துக்கல. குப்பையைக் குறைக்கிறது மாகாணத்தோட நியாயமான அதிகாரம்னு சொல்லிடுச்சு.

இதுக்கு முன்னாடியே வெர்மான்ட் மாகாணத்துல ஒரு முயற்சி நடந்திருக்கு. 1953ல, திரும்ப நிரப்ப முடியாத பீர் பாட்டிலை விற்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. காரணம் மாடு. ரோட்டுல போறவங்க வீசுற பாட்டில் வயல்ல விழுந்து, வைக்கோலோட கலந்து, மாடு அதைத் தின்னுட்டு சாகுதுன்னு பால் பண்ணைக்காரங்க புகார். அந்தச் சட்டம் நாலே வருஷத்துல, 1957ல காலாவதி ஆச்சு, புதுப்பிக்கல. அங்க மாடு, இங்க யானை. கண்ணாடி ஒண்ணுதான்.

அதே 1971ல வந்த ஒரு விளம்பரம்

இங்க ஒரு கிளைக்கதை சொல்லியே ஆகணும். ஆரிகன்ல சட்டம் வந்த அதே 1971, ஏப்ரல் மாசம் புவி தினத்தன்னைக்கு, அமெரிக்க டிவியில ஒரு விளம்பரம் வந்துச்சு. ஒரு செவ்விந்தியர் குப்பை மிதக்குற ஆத்துல படகு ஓட்டிட்டு வருவார். கரையேறினா, கார்ல போறவங்க குப்பையை அவர் காலடியில வீசுவாங்க. அவர் கண்ணுல ஒரு சொட்டுக் கண்ணீர். மாசுக்குக் காரணம் மக்கள்தான், நிறுத்த வேண்டியதும் மக்கள்தான்னு முடியும். நாடே உருகிப்போச்சு.

விளம்பரம் கொடுத்த அமைப்பு 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்'. 1953ல அதை ஆரம்பிச்சதுல கேன் கம்பெனிகளும் பாட்டில் கம்பெனிகளும் முக்கியமானவங்க. பின்னாடி டெபாசிட் சட்டங்களை அந்த அமைப்பே எதிர்த்துச்சு. கூடுதல் தகவல், அந்த நடிகர் செவ்விந்தியரே இல்ல, இத்தாலிய வம்சாவளி.

சதின்னு சொல்ல இதை எடுக்கல. குப்பையைப் பத்திப் பேச ரெண்டு வழி இருக்குங்கிறதைக் காட்டத்தான். ஒண்ணு, 'வீசாதே, நீ நல்லவனா இரு'. இன்னொண்ணு, 'வீசாம இருக்கிறதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணு'. முதல் வழியில கம்பெனிக்குச் செலவே இல்ல. செலவு பூரா நம்ம மனசாட்சிக்குத்தான். ரெண்டாவது வழியில யாராவது காசையும் உழைப்பையும் போட்டே ஆகணும். அதனாலதான் எதிர்ப்பு.

சரி, பலன் கிடைச்சுதா? ஆரிகன்ல சாலையோரக் குப்பையில சட்டத்துக்கு முன்னாடி ஏறக்குறைய 40 சதவீதம் பான பாட்டிலும் கேனும்தான். 1973ல அது சுமார் 11 சதவீதம். 1979ல 6 சதவீதம். மக்கள் மாறல. காசு எங்க நிக்குதுங்கிறது மாறிச்சு.

சட்டத்துக்குள்ள ஒரு இஃப் கண்டிஷன்

இப்போ என்னை மாதிரி கோட் எழுதுறவங்களுக்குப் பிடிச்ச பகுதி.

5 சென்ட்ங்கிறது 1972ல ஒரு மதிப்புள்ள காசு. ஆனா சட்டத்துல எண்ணை நேரடியா எழுதிட்டாங்க. நாங்க இதை ஹார்ட்கோட் பண்றதுன்னு சொல்லுவோம். வருஷம் ஓட ஓட விலைவாசி ஏறுது, அந்த எண்ணு மட்டும் அப்படியே நிக்குது. 2017க்குள்ள அமெரிக்காவுல விலைவாசி ஏறக்குறைய ஆறு மடங்கு. அப்போ ஆரம்பத்துல இருந்த அதே வலி வரணும்னா டெபாசிட் 30 சென்ட் கிட்ட இருந்திருக்கணும். 5 சென்ட்டுக்கு யார் குனிவா? 2014ல சுமார் 68 சதவீதம் திரும்பி வந்துச்சு. 2015, 2016 ரெண்டு வருஷமும் சுமார் 64.

ஆனா 2011லயே சட்டமன்றம் ஒரு புத்திசாலித்தனமான திருத்தம் போட்டு வச்சிருந்தது. தொடர்ந்து ரெண்டு வருஷம் திரும்பி வர்ற விகிதம் 80 சதவீதத்துக்குக் கீழ போனா, டெபாசிட் தானா 10 சென்ட் ஆகிடும். புதுசா மசோதா வேண்டாம், விவாதம் வேண்டாம், லாபியிங் வேண்டாம். கண்டிஷன் உண்மையாச்சுன்னா கோட் ஓடும். 2017 ஏப்ரல் 1ல இருந்து அது ஓடிச்சு. அடுத்த வருஷமே திரும்பி வர்ற விகிதம் 80ஐத் தாண்டிடுச்சு.

எனக்கு இதுல பிடிச்சது 10 சென்ட்டை விட, அளக்கிறது சட்டத்துக்குள்ளயே இருக்குங்கிறதுதான். எவ்ளோ வித்தாங்க, எவ்ளோ திரும்பி வந்துச்சுன்னு வருஷா வருஷம் எண்ணி வெளியிட்டாத்தான் அந்த இஃப் கண்டிஷன் வேலை செய்யும். அதனால எண்ணியே ஆகணும்.

நம்ம 10 ரூபாயை இங்க வச்சுப் பாருங்க. சுமார் 140 ரூபாய் குவார்ட்டருக்கு 10 ரூபாய்ங்கிறது 7 சதவீதம். இன்னைக்கு இது நல்ல தொகைதான். அதுலயும் வாங்கினவர் வீசினாக்கூட, வேற ஒருத்தர் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற அளவுக்கு மதிப்பு இருக்கு. ஆனா பத்து வருஷம் கழிச்சு? விலை ஏறும்போது டெபாசிட்டும் ஏறணும்னு எங்கயாவது எழுதி வைக்கலைன்னா, நம்ம பத்து ரூபாயும் ஒரு நாள் அவங்க அஞ்சு சென்ட் மாதிரி ஆகிடும்.

வேலை யார் தலையில?

டெபாசிட்ங்கிறது கேக்க எளிமை. ஆனா திரும்பி வர்ற ஒவ்வொரு பாட்டிலையும் யாரோ ஒருத்தர் கையில வாங்கணும், எண்ணணும், காசு கொடுக்கணும், எங்கயாவது அடுக்கி வைக்கணும்.

ஆரிகன்ல முதல்ல அந்த வேலை மளிகைக் கடைகள் தலையிலதான். ஒட்டிக்கிட்டுப் போற சோடா, புளிச்ச பீர் வாசனை, எறும்பு எல்லாம் காய்கறி விக்கிற அதே கூரைக்குக் கீழ. பெரிய கடைன்னா ஒரு ஆள்கிட்ட ஒரு நாளைக்கு 144 வரைக்கும், சின்னக் கடைன்னா 50 வரைக்கும் வாங்கணும்னு வரம்பு வச்சாங்க. அப்புறம் பானங்களை விநியோகிக்கிறவங்களே சேர்ந்து ஒரு கூட்டுறவு அமைப்பா, 'பாட்டில்டிராப்'னு தனி மையங்கள் ஆரம்பிச்சாங்க. பாட்டிலை ஒரு பச்சைப் பையில போட்டு வச்சுட்டு வந்துடலாம். அவங்க எண்ணி உங்க கணக்குல காசு போடுவாங்க.

கவனிச்சுப் பாருங்க. கடைசியில பொறுப்பு போய்ச் சேர்ந்தது பானத்தைச் சந்தைக்குக் கொண்டு வர்றவங்க கிட்ட. செலவு அவங்களுது, அதனால செலவைக் குறைக்கிற வழியையும் அவங்களே கண்டுபிடிக்கிறாங்க.

நம்ம ஊர்ல 10 ரூபாய் வாங்குறதும் டாஸ்மாக் ஊழியர், ஸ்டிக்கர் ஒட்டுறதும் அவர், காலி பாட்டிலை வாங்கி காசு கொடுக்கிறதும் அவர். கடையில ஏற்கெனவே கூட்டம். பல கடைகள்ல ஸ்டாக் வைக்கவே இடம் பத்தல, இதுல காலி பாட்டில் மூட்டைகள் வேற. வேலைப்பளு, இடமில்ல, தனியா ஆள் போடுங்கன்னு ஊழியர் சங்கங்கள் திரும்பத் திரும்பப் போராடுறது இதனாலதான். அவங்க கேக்குறது திட்டத்தை நிறுத்துங்கன்னு மட்டும் புரிஞ்சுக்கிட்டா அது அநியாயம். ஒரு நாளைக்கு ஆயிரம் பாட்டில் விற்கிற கடையில, ஆயிரம் பாட்டில் திரும்பி வந்தா பரிவர்த்தனை ரெண்டு மடங்கு. ஆள் அதே ஆள். நம்ம டீம்ல டிராஃபிக் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா சர்வர் கேக்க மாட்டோமா?

ஒரு சாதகமும் இருக்கு. ஆரிகன்ல ஆயிரக்கணக்கான தனித்தனிக் கடைகளை ஒத்துக்க வைக்கணும். தமிழ்நாட்டுல விற்கிறவர் ஒரே ஆள். ஒரே கணினி அமைப்பு, ஒரே கணக்கு. மனசு வச்சா ஊட்டியில வாங்கின பாட்டிலை மேட்டுப்பாளையத்துல திருப்பித் தர்றது தொழில்நுட்பத்துல பெரிய விஷயமே இல்ல. சுற்றுலாப் பயணிக்கு அதுதான் முக்கியம். வாங்கின கடைக்கே திரும்பி மலை ஏறுன்னா யாரும் ஏற மாட்டாங்க.

ஸ்டிக்கர் எதுக்குன்னு சிலர் கேப்பீங்க. பக்கத்து மாநிலத்துல டெபாசிட் கட்டாம வாங்கின பாட்டிலை இங்க கொண்டு வந்து 10 ரூபாய் வாங்கிட்டா கணக்கு இடிக்கும். அமெரிக்காவுல மிச்சிகன்ல 10 சென்ட், மற்ற பல இடங்கள்ல 5 சென்ட். வித்தியாசத்தைச் சம்பாதிக்க வேனை நிரப்பிட்டுக் கிளம்புறதை 'சைன்ஃபெல்ட்' காமெடி சீரியல்ல 1996லயே ஒரு எபிசோடா எடுத்துட்டாங்க. நம்ம ஊருக்குப் புதுச்சேரி இருக்கு. சொல்லவே வேண்டாம்.

திரும்பி வராத காசு

யாரும் அதிகமாக் கேக்காத கேள்வி இது. திரும்பி வராத பாட்டிலோட டெபாசிட் யாருக்கு?

கணக்குப் போடலாம். ஒரு கோடி பாட்டில் விற்குதுன்னு வைங்க. 90 சதவீதம் திரும்பி வந்துச்சு. மிச்சம் 10 லட்சம் பாட்டில். தலைக்கு 10 ரூபாய்னா ஒரு கோடி ரூபாய். 70 சதவீதம்தான் வந்துச்சுன்னா மூணு கோடி ரூபாய். அதாவது, திட்டம் எவ்ளோ மோசமா நடக்குதோ, காசை வச்சிருக்கிறவருக்கு அவ்ளோ லாபம். இதுதான் இந்த டிசைன்ல இருக்கிற பெரிய ஓட்டை. பணத்தை வச்சிருக்கிறவருக்கே பாட்டில் வராம இருக்கிறது நல்லதுன்னா, வாங்குற நேரத்தைக் குறைப்பார், ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்குன்னு திருப்பி அனுப்புவார்.

ஒவ்வொரு இடத்துலயும் இதுக்கு ஒவ்வொரு பதில். மிச்சிகன்ல அதுல 75 சதவீதம் அரசுக்கு, 25 சதவீதம் கடைகளுக்கு. ஆரிகன்ல விநியோகிக்கிறவங்களே வச்சுக்கலாம். அதை வச்சுத்தான் மையங்களை நடத்துறாங்க. ஆனா விகிதம் குறைஞ்சா டெபாசிட் ஏறும்னு சட்டம் மிரட்டிட்டு இருந்ததால, ஒரேயடியா அலட்சியமா இருக்க முடியல.

நம்ம ஊர்ல என்ன பண்ணலாம்? என் கருத்து: அந்தக் காசுக்குத் தனிக் கணக்கு வேணும், அது பொதுவெளியில இருக்கணும், செலவு எதுக்குன்னு முன்னாடியே எழுதணும். காட்டுல ஏற்கெனவே கிடக்கிற கண்ணாடியைப் பொறுக்க, கடையில கூடுதல் ஆள் போட. கல்லாவுல கலந்துட்டா அது டெபாசிட் இல்ல, சத்தமில்லாத விலை ஏத்தம்.

பொறுக்குறவங்களுக்கு இது என்ன செய்யுது

நகரத்துல இருந்து பாக்கும்போது இன்னொரு ஆள் கண்ணுல படணும். தோள்ல சாக்கோட, விடியக்காலையில பாட்டில் பொறுக்குறவர். பழைய பேப்பர் கடையில காலி பாட்டிலுக்குக் கிடைக்கிறது சில்லறைதான். அதே பாட்டிலுக்கு 10 ரூபாய்னா அவர் நாள் கூலியே மாறும்.

போர்ட்லாண்டு நகரத்துல இப்படி கேன் பொறுக்கி வாழுறவங்க நிறைய பேர், வீடில்லாதவங்களும் அதுல உண்டு. அவங்களே முன்னால நின்னு, 'மக்கள் டெப்போ'ன்னு ஒரு இடத்தை நடத்துறாங்க. பொறுக்குறவங்க கொண்டு வர்றதை, பொறுக்குறவங்களே எண்ணிக் காசு கொடுக்கிறாங்க. இன்னொரு பக்கம், கடை வாசல்ல கூட்டம் சேருது, போதைப்பொருள் புழங்குதுன்னு வியாபாரிகள் கிட்ட இருந்து புகாரும் இருக்கு. ரெண்டுமே நிஜம். அஞ்சு சென்ட், பத்து சென்ட் ஒருத்தருக்கு வருமானம் ஆகுதுன்னா, அந்த ஊர்ல வேற என்னவெல்லாம் அவருக்குக் கிடைக்கலங்கிறதும் சேர்ந்தே தெரிஞ்சுடும்.

நம்ம ஊர்ல டாஸ்மாக் பார்ல காலி பாட்டில் எடுக்கிறது ஏற்கெனவே ஏலத்துல போற உரிமை. காலி பாட்டிலுக்கு இங்க எப்பவுமே ஒரு சந்தை இருந்திருக்கு. புதுத் திட்டம் வெத்திடத்துல வரல. அந்தச் சந்தையில கீழ இருக்கிறவரை ஒதுக்கிட்டுக் கவுண்டர் திறந்தா, காட்டோரம் கிடக்கிற பாட்டிலைத் தேடிப் போய் எடுக்கிற ஒரே ஆளையும் இழந்துடுவோம். சாக்கு நிறைய கொண்டு வந்தாலும் கேள்வி கேக்காம வாங்குற கவுண்டர் வேணும்.

திரும்பி வந்தா போதுமா?

கடைசியா ஒரு விஷயம். பாட்டில் திரும்பி வர்றது பாதி கதைதான். அதைக் கழுவித் திரும்ப நிரப்புறோமா, உடைச்சு உருக்குறோமா? கண்ணாடியை உருக்க உலை 1,500 டிகிரி செல்சியஸ் கிட்டப் போகணும். கழுவுறதுக்கு அவ்ளோ எரிபொருள் வேண்டாம். நம்ம கோலி சோடா பாட்டில் எத்தனை தடவை கழுவி, எத்தனை பேர் குடிச்சிருப்பாங்க!

ஆரிகன் சட்டம் எழுதினவங்களுக்கு இது தெரியும். முதல் சட்டத்துல, பல கம்பெனிகள் பொதுவாப் பயன்படுத்தித் திரும்ப நிரப்புற பாட்டிலுக்கு டெபாசிட் 2 சென்ட்தான், மத்ததுக்கு 5 சென்ட். கம்பெனிகளை ரீஃபில் பக்கம் தள்ளத்தான் அந்த வித்தியாசம். ஆனா காலப்போக்குல சந்தை அலுமினிய கேனுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போயிடுச்சு. குப்பை குறைஞ்சுது, ரீஃபில் பிழைக்கல. 2018லதான் பீருக்குப் பொதுவான ரீஃபில் பாட்டில் ஒண்ணை மறுபடி கொண்டு வந்திருக்காங்க.

வாட்டர் பாட்டிலும் அப்படித்தான். 1971ல தண்ணியைக் காசு கொடுத்து வாங்குவோம்னு யாரும் நினைக்கல, அதனால சட்டத்துல தண்ணி இல்ல. அதைச் சேர்க்கிற திருத்தம் 2007ல வந்து, 2009லதான் அமலாச்சு. நம்ம திட்டமும் இன்னைக்கு மது பாட்டிலோட நிக்குது. காட்டோரம் கிடக்கிறது அது மட்டும்தானா?

ஆணையா, சட்டமா?

இப்போ ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆரிகன்ல இது சட்டமன்றம் இயற்றின சட்டம். யார் பொறுப்பு, எவ்ளோ தொகை, எப்போ மாறும், எல்லாம் எழுத்துல இருக்கு. அதனாலதான் அரை நூற்றாண்டா திருத்தித் திருத்தி ஓட்ட முடியுது. நம்ம ஊர்ல இது நீதிமன்றம் தள்ளித் தள்ளி, நிர்வாகம் நடத்துற திட்டம். நீதிமன்றம் தலையிடலைன்னா ஆரம்பிச்சிருக்கவே மாட்டாங்க, அதுக்கு நன்றி. ஆனா வழக்கு முடிஞ்ச அடுத்த நாள் யார் கண்காணிப்பாங்க?

மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கான்னா, இருக்கு. மது நம்ம அரசியலமைப்புல மாநிலப் பட்டியல்ல வருது. பொதுச் சுகாதாரமும் அப்படித்தான். காடும் வனவிலங்குகளும் 1976ல வந்த 42வது திருத்தத்துக்கு அப்புறம் பொதுப்பட்டியல்ல இருக்கு, அதாவது ரெண்டு அரசுகளும் சட்டம் போடலாம். கோவா தன்னோட குப்பைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குக் கீழ 2024ல டெபாசிட் திட்டம் ஒண்ணை அறிவிச்சிருக்கு. அதுல மது பாட்டிலோட நிக்காம மற்ற பேக்கேஜிங்கையும் சேர்த்திருக்காங்க.

அப்படி ஒரு சட்டம் இங்க வந்தா, நாம பாக்க வேண்டியது அஞ்சே விஷயம். ஒண்ணு, டெபாசிட் தொகை நிலையா நிக்குதா, நிலைமைக்கேத்த மாதிரி ஏறுமா? ரெண்டு, திரும்பி வந்த விகிதத்தை மாவட்ட வாரியா வெளியிடுறாங்களா? மூணு, வராத காசு யார் கணக்குல, எதுக்குச் செலவாகுது? நாலு, வாங்கி வைக்கிற வேலைக்கு ஆளும் இடமும் ஒதுக்கியிருக்காங்களா, தயாரிக்கிற கம்பெனி அதுக்குக் காசு தருதா? அஞ்சு, திரும்பி வந்த பாட்டில் கழுவப் போகுதா, உலைக்குப் போகுதா?

உங்க மாவட்டத்துல இந்தத் திட்டம் வந்திருந்தா, அடுத்த முறை கடைப்பக்கம் போறவங்க கொஞ்சம் கவனிங்க. எத்தனை மணி வரைக்கும் வாங்குறாங்க, காசு கையில கொடுக்குறாங்களா, வேற கடை பாட்டிலை எடுத்துக்கிறாங்களா? குடிக்காதவங்களும் கவனிக்கலாம், ரோட்டோரத்துல கிடக்கிற பாட்டில் குறைஞ்சிருக்கான்னு. எழுதி அனுப்புங்க, மாவட்டப் பேரோட. நிறைய வந்தா அதையே ஒரு எபிசோடா பண்ணலாம்.